உடைக்காமல் விலக்குதல்: பழைய மென்பொருள் இடைமுகங்களும் தமிழின் அனுபவமும்

புதிய மென்பொருளை எப்படி எழுதுவது என்று கற்றுத்தர எத்தனையோ நூல்கள் உண்டு. ஊரே நம்பிப் பயன்படுத்தும் பழைய ஒன்றை எப்படி நிறுத்துவது என்று கற்றுத்தருபவை மிகக் குறைவு. ஆனால் மென்பொருளால் மக்களுக்கு வரும் இடர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது இடத்தில்தான் பிறக்கின்றன. நேற்றுவரை திறந்த கோப்பு இன்று திறப்பதில்லை. நேற்றுவரை ஏற்றுக்கொண்ட அடையாள எண்ணை இன்று கணினி பிழை என்கிறது. பயன்படுத்துபவர் எதையும் மாற்றவில்லை. அவருக்குத் தெரியாமல், அவர் கேட்காமல், அடித்தளம் மாறிவிட்டது.

தமிழில் எழுதுவோருக்கு இது தொலைவில் உள்ள தொழில்நுட்பப் பிரச்சினை அன்று. கடந்த 30 ஆண்டுகளில் நம் எழுத்தே ஒரு கணினி ஏற்பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு இடம்பெயர்ந்தது; அந்த இடப்பெயர்வு இன்னும் முடியவில்லை. ஆகவே பழைய இடைமுகங்களை விலக்கும் முறைகளை இந்தக் கட்டுரை தமிழின் அனுபவத்தைக் கொண்டு பரிசீலிக்கிறது. உலகம் கண்ட வழிகள் எவை, அவற்றில் எது பலித்தது, எது காயப்படுத்தியது, நாம் எதைக் கைக்கொள்ள வேண்டும் என்பவையே கேள்விகள்.

இடைமுகம் ஒரு வாக்கு

ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் வேலை வாங்கும் வாசலையே இடைமுகம் என்கிறோம். "இந்தப் பெயரில், இந்த வடிவில் கேட்டால், இந்த வடிவில் விடை தருவேன்" என்பது அதன் வாக்கு. இயங்குதளம் செயலிகளுக்குத் தரும் கட்டளைத் தொகுதி ஓர் இடைமுகம். வங்கியின் சேவையகம் கைபேசிச் செயலிக்குத் திறந்து வைத்திருக்கும் வாசல் ஓர் இடைமுகம். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் குறியேற்றமும் இடைமுகமே. ஒருவர் எழுதியதை இன்னொருவரின் கணினி படிப்பதற்கு அந்த உடன்பாடுதான் ஆதாரம்.

எழுத்தில் தந்த வாக்கை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று நினைப்பது இயல்பு. கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட் என்ற பொறியியலாளரின் பெயரால் வழங்கும் விதி இந்த நினைப்பைத் திருத்துகிறது. ஓர் இடைமுகத்தைப் போதுமான அளவு பேர் பயன்படுத்தத் தொடங்கினால், நாம் ஆவணத்தில் உறுதியளித்தது எதுவாயினும், அதன் வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பத் தொடங்கிவிடுவார் என்பது அந்த விதியின் சாரம். விடைகள் வரும் வரிசை, பிழைச் செய்தியின் சொற்கள், விடை வர எடுக்கும் நேரம் ஆகிய அனைத்தின் மீதும் ஏதோ ஒரு நிரல் சாய்ந்து நிற்கும். நாம் தந்ததாக நினைக்கும் வாக்கு சிறியது. பெறுபவர் பெற்றுக்கொண்ட வாக்கு பெரியது. விலக்கும்போது எழும் சிக்கல்கள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

அப்படியானால் எதையும் நிறுத்தாமலே விட்டுவிடலாமே என்ற கேள்வி எழும். விட முடியாததற்குக் காரணங்கள் உண்டு. பழைய வாசல் ஒவ்வொன்றையும் யாராவது பராமரிக்க வேண்டும், சோதிக்க வேண்டும், அதன் வழியே திருடன் நுழையாமல் காக்க வேண்டும். சில வாசல்கள் வடிவமைப்பிலேயே பழுதானவை. ஜாவா மொழியில், நிரலுக்குள் தனியே ஓடும் ஓர் இழையை வெளியிலிருந்து பலவந்தமாக நிறுத்தும் கட்டளை, தரவுகளை அரைகுறை நிலையில் விட்டுவிடும் ஆபத்துள்ளது. இன்னும் சில, இடம் போதாமல் போனவை. ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிய எண்முறைகள் அந்த வகை. ஆகவே விலக்குவது தவிர்க்க முடியாதது. எப்படி விலக்குவது, அதன் செலவை யார் சுமப்பது என்பவையே தீர்க்க வேண்டியவை.

உலகம் கண்ட மூன்று வழிகள்

முதல் வழி, உடைப்பதே இல்லை என்ற நோன்பு. லினக்ஸ் கருநிரலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், பயனர் நிரல்களை உடைக்கும் எந்த மாற்றத்தையும் ஏற்பதில்லை என்ற விதியைக் கடுமையாகக் காத்து வருகிறார். ஒரு மாற்றத்தால் ஏற்கெனவே ஓடிய நிரல் நின்றுபோனால், பிழை அந்த நிரலுடையது அன்று, கருநிரலுடையது என்பது அவர் நிலைப்பாடு. உள்ளே எதையும் மாற்றலாம். வெளியே தெரியும் வாசல் அப்படியே இருக்க வேண்டும். 2012 மார்ச்சில் வெளியான கோ நிரல்மொழியின் முதல் பதிப்பும் இதைப் போன்ற உறுதியைத் தந்தது. அன்று எழுதிய நிரல், முதலாம் பதிப்பு வரிசையில் பின்னர் வரும் கருவிகளிலும் ஓட வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இந்த வழியின் முழுமையான எடுத்துக்காட்டு, உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யுனிகோட் குறியேற்றம். ஒரு குறியீட்டை ஓர் எண்ணில் அமர்த்திய பின் அதை நகர்த்தவோ நீக்கவோ கூடாது என்பது அதன் நிலைத்தன்மைக் கொள்கை. அடிபட்டுக் கற்ற பாடம் இது. 1996 இல் வந்த இரண்டாம் பதிப்பில் கொரிய எழுத்துகள் ஏற்கெனவே இருந்த இடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. அதனால் பழைய ஆவணங்கள் பொருளிழந்தன. அதற்குப் பிறகே நகர்த்துவதில்லை என்ற உறுதி பிறந்தது. தமிழ்ப் பகுதியிலும் இந்தக் கொள்கையின் தடங்கள் உள்ளன. ஆய்த எழுத்துக்கு யுனிகோடில் விசர்க்கம் என்ற பெயரே பதிவாகியிருக்கிறது. பெயர் பொருந்தாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் பெயரையும் மாற்றுவதில்லை என்பது விதி. தமிழ் எழுத்தில் பயன்படாத அனுஸ்வாரக் குறியும் தன் இடத்திலேயே இருக்கிறது. தமிழில் பயன்படாதது என்ற குறிப்பு மட்டும் சேர்க்கப்பட்டது. பிழையோடு வாழ்வது அசிங்கம்தான். ஆனால் திருத்தப்போய் கோடிக்கணக்கான ஆவணங்களைக் குலைப்பதைவிட அது மேல் என்று யுனிகோட் முடிவெடுத்தது. அந்த முடிவு சரியானது.

இரண்டாம் வழி, நீண்ட அறிவிப்புக்குப் பின் மெல்ல விலக்குவது. ஜாவா இதற்குச் சான்று. மேலே சொன்ன இழை நிறுத்தும் கட்டளை 1998 இலேயே "பயன்படுத்த வேண்டாம்" என்று குறிக்கப்பட்டது. ஆயினும் அது இயங்கிக்கொண்டே இருந்தது. 2023 இல் வந்த 20ஆம் பதிப்பில்தான் அது வேலை செய்ய மறுத்துப் பிழையை மட்டும் தரத் தொடங்கியது. இடையில் கால் நூற்றாண்டு. இந்த அனுபவம் ஒரு குறையையும் காட்டியது: எதுவும் உண்மையில் நீக்கப்படாவிட்டால், "வேண்டாம்" என்ற எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே 2017 இல் வந்த 9ஆம் பதிப்பு, வெறும் எச்சரிக்கையையும் "இது நிச்சயமாக நீக்கப்படும்" என்ற எச்சரிக்கையையும் பிரித்துக் காட்டும் வசதியைச் சேர்த்தது. வலைச் சேவைகளிலும் இதே தேவை எழுந்தது. ஒரு சேவை எந்த நாளில் நிற்கும் என்பதை ஒவ்வொரு விடையுடனும் சேர்த்து இயந்திரம் படிக்கும் வடிவில் அனுப்பும் முறை 2019 இல் வகுக்கப்பட்டது.

மூன்றாம் வழி, ஒரே வெட்டாக வெட்டுவது. 2008 டிசம்பரில் வெளியான பைத்தன் 3, பழைய பைத்தன் 2 நிரல்களோடு ஒத்துப்போகாது என்று தெரிந்தே வெளியிடப்பட்டது. காரணம் நமக்கு நெருக்கமானது. எழுத்துகளையும் வெறும் பைட்டுகளையும் கலந்து குழப்பிய பழைய முறையைக் கைவிட்டு, எழுத்துத் தொடர்களை யுனிகோடாகவே கொள்வது அதன் முக்கிய மாற்றம். தமிழ் போன்ற மொழிகளுக்கு அது பெரும் நன்மை. ஆனால் மாறிய விதம் கடினமானது. பழைய நிரலைத் தானே மாற்றித்தரும் கருவி ஒன்று தரப்பட்டது. இரண்டு பதிப்புகளிலும் ஒரே நிரல் ஓட வேண்டும் என்று விரும்பியவர்களுக்கு அது உதவவில்லை. யுனிகோட் தொடரைக் குறிக்கப் பைத்தன் 2 இல் இருந்த ஒற்றை எழுத்து முன்னொட்டையும் பைத்தன் 3 நீக்கியிருந்தது. நீக்கியதால் யாருக்கும் இலாபமில்லை. இரு பதிப்பிலும் ஓடும் நிரல் எழுதுவோருக்கு மட்டும் தொல்லை. கடைசியில் 2012 இல் வந்த 3.3 பதிப்பில் அந்த முன்னொட்டு திரும்ப ஏற்கப்பட்டது. 2015 இல் நிறுத்துவதாக இருந்த பைத்தன் 2 இன் ஆயுள் 2020 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது. மக்கள் ஒரே நாளில் தாவுவதில்லை. பழையதும் புதியதும் அருகருகே வாழ இடம் கிடைத்தால் மட்டுமே படிப்படியாக மாறுகிறார்கள்.

அறிவிப்பே இல்லாமல் விலக்கினால் நடப்பதை 2016 மார்ச் காட்டியது. ஜாவாஸ்கிரிப்ட் உலகின் பொதுக் களஞ்சியத்திலிருந்து, ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடம் நிரப்பும் 11 வரி நிரலை அதன் ஆசிரியர் ஒரு பிணக்கின் காரணமாக நீக்கினார். அந்த 11 வரிகளை நம்பியிருந்த நிரல்களும், அந்த நிரல்களை நம்பியிருந்த எண்ணற்ற பெரிய திட்டங்களும் உலகெங்கும் ஒரே நேரத்தில் தொகுக்க முடியாமல் நின்றன. களஞ்சியம் அதைத் திரும்ப வைத்த பிறகே வேலை தொடர்ந்தது. அளவில் சிறியது என்பதால் ஒன்றை நினைத்தபடி நீக்கிவிட முடியாது; அதை எத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள் என்பதே கணக்கு.

தமிழின் பெரிய இடப்பெயர்வு

இனி நம் வழக்குக்கு வருவோம். கணினியில் தமிழ் வந்த காலத்தில் தமிழுக்கென்று இடம் இல்லை. ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் உருவங்களை வரைந்த எழுத்துருக்கள் தோன்றின. இலங்கையில் அவற்றுள் பெருவழக்காகியது பாமினி. ரெங்கநாதன் தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்கு அது இணக்கமாக இருந்ததால் அலுவலகம், பாடசாலை, அச்சகம் என எங்கும் பரவியது. ஆனால் பாமினியில் திரையில் "தமிழ்" என்று தெரிவது, கணினிக்கு ஜே, கே, பி, ஓ, பின் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்.

மற்ற எழுத்துருக்கள் வேறு வேறு ஒழுங்குகளைக் கைக்கொண்டன. இதற்கு ஒழுங்கு காண உலகத் தமிழர் எடுத்த முயற்சிகள் பாராட்டத்தக்கவை. 1997 இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழிணைய மாநாடு அந்த உரையாடலைத் தொடங்கிவைத்தது. மின்னஞ்சல் வழியே உலகெங்குமிருந்து கூடி விவாதித்தவர்கள் டிஸ்கி குறியேற்றத்தை வகுத்தார்கள். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2000 இல் உத்தமம் என்னும் உலக அமைப்பு உருவானது. மறுபுறம் 1991 இல் வந்த யுனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு அதை மேசைக்குக் கொண்டுவந்தது. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமாகவும், யுனிகோட் முழுதாக இயங்காத இடங்களுக்கு டேஸ்16 என்ற அனைத்தெழுத்துக் குறியேற்றத்தை மாற்றாகவும் அறிவித்தது. இலங்கையில் தமிழுக்கான தகவல் தொழில்நுட்பத் தரநிலை 2008 இல் வந்தது.

தரம் வந்தாயிற்று. ஆனால் பழையது போகவில்லை. இதற்கு மக்களின் சோம்பலைக் குற்றஞ்சாட்டுவது எளிது, அது நியாயமன்று. அச்சகங்கள் பேஜ்மேக்கரில் பக்கம் வடிவமைத்தன; அந்த மென்பொருள் தமிழ் யுனிகோடைச் சரியாகக் கோக்கவில்லை. அதற்குப் பதிலாக வந்த இன்டிசைன், இந்திய எழுத்துகளைத் தானாகவே சரிவரக் கோக்கும் வசதியை 2012 இல் வந்த சிஎஸ்6 பதிப்பில்தான் பெற்றது. புதிய வாசல் வேலை செய்யாதபோது பழைய வாசலை மூடு என்று சொல்வதில் பொருளில்லை. யுனிகோடை அறிவித்த ஆண்டுக்கும், அன்றாட வேலைக்கு அது உண்மையில் போதுமானதாகிய ஆண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் பாமினி மேலும் வேரூன்றியது.

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் வீதியில், நிலாவெளிக்கு வடக்கே, கடலையும் களப்பையும் ஒட்டியிருக்கும் இறக்கக்கண்டியை நினைத்துப் பார்ப்போம். அது குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த கரையோர ஊர். அங்குள்ள மீனவர்கள் சிலர் படகுத்துறை ஒன்று கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் எழுதுகிறார்கள் என்று கொள்வோம். தட்டச்சு செய்பவர் தமக்குப் பழகிய பாமினியில் அடிப்பார். கடதாசியில் அச்சாகும்வரை குறையே தெரியாது. அதே கோப்பு மின்னஞ்சலில் போய்க் கைபேசியில் திறக்கப்பட்டால் ஆங்கிலக் குவியலாக நிற்கும். பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஆனால் ஒரு பெயரைத் தேடினால் அகப்படாது. பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பு மென்பொருள் அதைத் தமிழாக வாசிக்கவும் மாட்டாது. போரில் இடம்பெயர்ந்தும் 2004 டிசம்பர் 26 சுனாமியில் அடிபட்டும் மீண்ட கரையோரத்துக்கு ஆவணங்கள் உயிர் போன்றவை. காணி, வீடு, படகு, பிறப்பு, இறப்பு ஆகியவற்றின் சான்றுகள் எந்தக் கணினியிலும் படிக்கத்தக்க எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்துக் குறியேற்றம் என்ற நுட்ப விடயம் இங்கே ஒரு குடும்பத்தின் உரிமையாகிறது.

மாற்றுவதில் உள்ள நுட்பமான இடர்கள்

பாமினியை யுனிகோடாக மாற்றுவது எழுத்துக்கு எழுத்து பதிலிடும் எளிய வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். உள்ளே இறங்கினால் மூன்று இடர்கள் தெரியும். மூன்றும் எல்லா இடைமுக மாற்றங்களுக்கும் பொதுவானவை.

முதலாவது, வரிசை. பாமினி கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் எழுத்துகளைச் சேமிக்கிறது. "கெ" என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம். யுனிகோட் ஒலிப்பு ஒழுங்கில் சேமிக்கிறது: முதலில் ககரம், பிறகு எகரக் குறி. "கொ" என்றால் ககரத்தின் இரு பக்கமும் நிற்கும் இரண்டு துண்டுகளையும் இணைத்து ஒரே குறியாக்க வேண்டும். மாற்றும் நிரல் சொல்லின் அமைப்பை அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே உருவம் இரண்டு வேலை செய்வது. ஔகாரக் குறியின் வலப்பக்கத் துண்டும் ளகரமும் பாமினியில் ஒரே எண். "கௌ" என்று எழுதினாரா, "கெள" என்று எழுதினாரா என்பதை அந்த எண் சொல்லாது. சூழலைக் கொண்டு ஊகிக்க வேண்டும். "கௌரவம்", "மௌனம்" என்னும் சொற்கள் இணையமெங்கும் ளகரத்தோடு பிழையாக நிற்பதற்கு இத்தகைய பழைய குறியேற்றங்களின் மிச்சமும் ஒரு காரணம்.

மூன்றாவது, ஆங்கிலமும் தமிழும் ஒரே எண்களில் வாழ்வது. ஒரு சொற்செயலிக் கோப்பில் எந்தச் சொல் எந்த எழுத்துருவில் உள்ளது என்ற குறிப்பு இருக்கும். அதைக் கொண்டு பிரிக்கலாம். அதே வாசகத்தைத் தரவுத்தளத்திலோ வெறும் உரைக் கோப்பிலோ ஒட்டினால் அந்தக் குறிப்பு தொலைந்துபோகும். பிறகு ஒரு மின்னஞ்சல் முகவரியும் ஒரு தமிழ்ப் பெயரும் கணினிக்கு ஒரே வகை. மாற்றிகள் முகவரியையும் தமிழெழுத்துக் குவியலாக்கிவிடும். எனவே பழையதை மாற்றுவதற்குத் தேவையான தகவல் கையில் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். காலம் கடந்தால் கருவி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பயனில்லை.

அண்டை நாடான மியன்மார் இதைவிடக் கடினமான சூழலைச் சந்தித்தது. அங்கு பரவிய சாவ்ஜி எழுத்துரு, யுனிகோடில் மியன்மார் எழுத்துகளுக்கு ஒதுக்கிய அதே எண்களில் வேறு பொருள் ஏற்றியது. ஒரு வாசகம் எந்த முறையில் எழுதப்பட்டது என்பதை எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது. புள்ளியியல் முறையில் ஊகிக்கும் நிரல்கள் எழுத வேண்டியதாயிற்று. 2019 அக்டோபர் 1 ஐ யுனிகோட் நாளாக அறிவித்து அந்நாடு மாற்றத்தைத் தொடங்கியது. பழைய பெயருக்குப் புதிய பொருள் தருவதைவிடக் கொடிய பிழை இடைமுகத் தொழிலில் இல்லை. நின்றுபோன வாசல் உடனே பிழை காட்டும். பொருள் மாறிய வாசல் பிழை காட்டாமலே தவறான விடை தரும்.

செலவைச் சுமந்தவர்கள்

தமிழின் மாற்றம் இந்த அளவுக்கேனும் நடந்ததற்குக் காரணமானவர்களில் தன்னார்வலர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. புலம்பெயர்ந்து ஜெர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணன் இணையத்தில் இலவசமாகத் தந்த எழுத்துரு மாற்றி, ஈழத்து வாசகர் பலருக்கு யுனிகோடின் முதல் வாசலாயிற்று. சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் மாற்றியும் எழுதியும் அச்சுத் துறைக்கு உதவின. பைத்தனில் எழுதப்பட்ட ஓப்பன்-தமிழ் நிரல் தொகுப்பிலும் பழைய குறியேற்றங்களை மாற்றும் பகுதி உண்டு.

இத்தகைய முயற்சிகளுள் தனித்துச் சொல்ல வேண்டியது எ-கலப்பை என்னும் தட்டச்சு மென்பொருள். பழைய தட்டச்சு முறையிலேயே விசைகளை அழுத்தலாம். கோப்பில் விழுவது யுனிகோட். ஆக, பாமினி என்று நாம் ஒரே பெயரில் அழைத்தது உண்மையில் இரண்டு இடைமுகங்கள்: விரலுக்கும் விசைக்கும் உள்ள உடன்பாடு ஒன்று, கோப்புக்கும் கணினிக்கும் உள்ள உடன்பாடு மற்றொன்று. விலக்க வேண்டியது இரண்டாவதை மட்டுமே. முதலாவதை வைத்துக்கொண்டே மாறலாம் என்று காட்டியபோது, 20 ஆண்டு பழகிய தட்டச்சாளரின் திறன் வீணாகவில்லை. இலங்கையின் தரநிலையும் ரெங்கநாதன் விசையமைப்பையே ஏற்றது. எதை நிறுத்துகிறோம், எதை நிறுத்தத் தேவையில்லை என்று பிரித்துப் பார்ப்பதே விலக்குதலின் முதல் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

மதுரைத் திட்டமும் பாடம் தருகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய அந்த மின்னூல் முயற்சி, கு. கல்யாணசுந்தரம் அவர்களின் வழிநடத்தலில் டிஸ்கியில் நூல்களைச் சேர்த்தது. பின்னர் யுனிகோடுக்கு மாறியபோது பழைய வடிவத்தைத் தூக்கியெறியாமல் இரண்டையும் அருகருகே வைத்தது. பழைய கணினி உள்ளவரும் படித்தார், புதிய கணினி உள்ளவரும் படித்தார்.

அடையாள எண்: ஒழுங்காக நடந்த ஒரு மாற்றம்

இலங்கையின் தேசிய அடையாள அட்டை எண் மாறிய விதத்தையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். பழைய எண் 9 இலக்கங்களும் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். ஆண்டுக்கு இரண்டே இலக்கம் என்பதால் 1900 இல் பிறந்தவரையும் 2000 இல் பிறந்தவரையும் பிரிக்க முடியாது. 2000 இல் பிறந்தவர்கள் 16 வயதை எட்டி அட்டை பெற வரும் 2016 ஜனவரி 1 முதல் ஆட்பதிவுத் திணைக்களம் 12 இலக்க எண்ணை வழங்கத் தொடங்கியது. இடம் போதாமல் போவதற்கு முன்பே, போதாமல் போகும் நாளை அறிந்து மாறியது முதற் சிறப்பு.

இரண்டாவது சிறப்பு, பழைய அட்டைகள் செல்லுபடியாகவே இருந்தன. மூன்றாவது, பழைய எண்ணைப் புதிய வடிவில் எழுத உறுதியான விதி உண்டு: முன்னே 19 சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு சுழியம் இட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் 12 இலக்கம் வந்துவிடும். ஊகத்துக்கு இடமில்லை. நான்காவது, ஆண்டு, நாள், 500 கூட்டும் முறை ஆகியவை புதிய எண்ணிலும் அதே ஒழுங்கில் உள்ளன. அடையாள எண்ணிலிருந்து பிறந்த தேதியையும் ஆணா பெண்ணா என்பதையும் கணிக்கும் மென்பொருள்கள் நாட்டில் ஏராளம். அவற்றுக்குச் சிறு திருத்தம் போதுமானதாயிற்று. ஹைரம் ரைட் விதி சொல்லும் எழுதாத வாக்கும் இங்கே காப்பாற்றப்பட்டது.

எஞ்சிய பொறுப்பு மென்பொருள் எழுதுவோருடையது. 10 இடத்துக்கு மேல் ஏற்காத பெட்டி, எழுத்தில் முடியாவிட்டால் பிழை என்னும் சோதனை, ஒரே ஆளைப் பழைய எண்ணில் ஒருமுறையும் புதிய எண்ணில் ஒருமுறையும் இருவராகப் பதியும் தரவுத்தளம் ஆகியவை அவர்கள் தவிர்க்க வேண்டியவை. உள்ளே எப்போதும் 12 இலக்க வடிவில் சேமித்து, வாசலில் இரு வடிவங்களையும் ஏற்பதே சரியான முறை.

கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு

இந்த அனுபவங்களைத் தொகுத்தால் ஒரு நடைமுறை கிடைக்கிறது.

முதலில் எண்ண வேண்டும். பழைய வாசலை இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள், எதற்காக என்பதை ஊகிக்காமல் பதிவேடுகளைக் கொண்டு அறிய வேண்டும். இரண்டாவது, புதிய வாசல் பழையதன் எல்லா வேலையையும் செய்கிறதா என்று பயன்படுத்துபவரின் மேசையில் வைத்துச் சோதிக்க வேண்டும். யுனிகோட் காத்திருந்த ஆண்டுகள் இந்தச் சோதனையின் தேவைக்குச் சாட்சி. மூன்றாவது, தேதியோடு அறிவிக்க வேண்டும். தேதியில்லாத எச்சரிக்கையை யாரும் கேட்பதில்லை. நான்காவது, மாற்றுக் கருவியை இலவசமாகத் தந்து, இரண்டும் அருகருகே ஓட இடம் தர வேண்டும். ஐந்தாவது, நிறுத்தும் முன் சில மணி நேரம் மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். நிரல் களஞ்சியமான கிட்ஹப், நிரல்களை அனுப்பவும் பெறவும் கடவுச்சொல்லைப் பயன்படுத்தும் முறையை 2021 ஆகஸ்டில் நிறுத்துவதற்கு முன்பு இவ்வாறு தற்காலிகமாக நிறுத்திப் பார்த்தது. அறிவிப்பு மடலைப் படிக்காதவர்களும் அந்தச் சிறு தடங்கலால் விழித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இன்னும் காலம் இருந்தது. ஆறாவது, எழுதும் வாசலை மூடினாலும் படிக்கும் வாசலைத் திறந்தே வைக்க வேண்டும். புதிய பாமினிக் கோப்புகள் பிறக்கத் தேவையில்லை; பிறந்தவை என்றும் படிக்கத்தக்கவையாக இருக்க வேண்டும். ஏழாவது, விலக்கிய பெயரையும் எண்ணையும் வேறு எதற்கும் தரக்கூடாது.

இந்த ஒழுங்குக்கு எதிராக ஒரு வாதம் உண்டு: இவ்வளவு பொறுமை காட்டினால் முன்னேற்றமே நடக்காது என்பர். ஜாவாவின் கால் நூற்றாண்டு அந்த வாதத்துக்கு வலு சேர்ப்பதுபோல் தோன்றும். ஆனால் அங்கே தாமதத்துக்குக் காரணம் பொறுமை மட்டுமன்று. தேதி குறிக்காமையும் சேர்ந்தது. தேதியும் கருவியும் ஒன்றாக வந்தால் மாற்றம் விரைவாகவே நடக்கும். விரைவுக்கு வேறொரு நியாயமான காரணமும் உண்டு: பாதுகாப்பு ஓட்டை. திருடன் நுழையும் வாசலை நீண்ட அறிவிப்புத் தந்து திறந்து வைத்திருக்க முடியாது. அந்த ஒரு நிலை தவிர மற்ற எல்லாவற்றிலும், அவசரத்தின் இலாபம் நிறுத்துபவருக்கும் நட்டம் பயன்படுத்துபவருக்கும் போகிறது.

ஆகவே என் முடிவு இது. பழைய இடைமுகத்தை விலக்கும் உரிமை அதை உருவாக்கியவருக்கு உண்டு. மாற்றத்தின் செலவைச் சுமக்கும் கடமையும் அவருக்கே உண்டு. இலட்சம் பேர் தனித்தனியே பாடுபட்டுத் தீர்க்க வேண்டியதை, ஒரு குழு ஒரு நல்ல மாற்றியை எழுதித் தீர்த்துவிடலாம். தமிழில் அந்தச் சுமையில் பெரும்பகுதியைத் தன்னார்வலர்கள் சுமந்தார்கள். இனி அரசுகளும் நிறுவனங்களும் அதைத் தம் வரவு செலவுத் திட்டத்திலேயே எழுத வேண்டும். இலங்கை புதிய டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு ஆயத்தமாகும் இந்த வேளையில், பழைய அட்டையையும் பழைய கோப்பையும் கையில் வைத்திருக்கும் கடைசி ஆள்வரை எப்படி அழைத்துச் செல்வோம் என்பதை வடிவமைப்பின் முதல் பக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டும்.

வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் சங்கத்திலோ, பாடசாலையிலோ, கோயில் அல்லது பள்ளிவாசல் அலுவலகத்திலோ, வீட்டுக் கணினியிலோ பாமினியில் எழுதிய கோப்புகள் இருந்தால், எழுத்துருக் குறிப்பு அழியாமல் இருக்கும் இப்போதே அவற்றை யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பெயர்களையும் எண்களையும் முகவரிகளையும் சரிபாருங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். பாமினி எழுத்துருக் கோப்பையும் அதனருகிலேயே சேமித்து வையுங்கள்.